மூன்று மடங்குப் பங்கு மலிவா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் விலை உழைப்பு விகிதம் பற்றி, அதாவது ஒரு பங்கின் விலை பங்கொன்றுக்கான வருட இலாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பதைப் பற்றி எழுதினேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எண்ணெய்க் கம்பனிப் பங்குகளைப் பற்றித்தான். ஆகவே இம்முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு அவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சேர், நான் உங்களிடம் உயர்தரத்தில் கணக்கீடு படித்தவன். இப்போது உரக்கடை ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். ஓர் எண்ணெய்ப் பங்கு 3 மடங்குக்குக் கிடைக்கிறது, மற்றக் கம்பனிகள் 8, 10 மடங்கில் நிற்கின்றன, இதைவிட மலிவாக வராது என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். நாலு இலட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். முழுவதையும் போடலாமா?
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: தம்பி, முழுவதையும் போட வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணம் கொஞ்சம் நீளம்.

பங்கின் சந்தை விலையைப் பங்கொன்றுக்கான உழைப்பால் வகுத்தால் வருவதுதான் இந்த விகிதம். விலை 120 ரூபா, கடந்த வருட உழைப்பு 40 ரூபா என்றால் 3. இதே இலாபம் இப்படியே வந்தால் மூன்று வருடத்தில் போட்ட காசை உழைத்துவிடும் என்று அர்த்தம். அந்த வசனத்தில் பாரமெல்லாம் "இப்படியே வந்தால்" என்பதில்தான் இருக்கிறது. சவர்க்காரமும் பிஸ்கட்டும் விற்கிற கம்பனிக்கு இந்த வருட இலாபத்தைப் பார்த்து அடுத்த வருடத்தை ஓரளவு சொல்லலாம். எண்ணெய்க் கம்பனியின் விற்பனை விலையை அது தீர்மானிப்பதில்லை. 2008 ஜூலையில் ஒரு பீப்பாய் மசகு எண்ணெய் 147 டொலர் வரை போனது. அதே வருடம் டிசம்பரில் 40 டொலருக்குக் கீழே கிடந்தது. 2014 ஜூனில் 115 டொலர். 2016 ஜனவரியில் 30க்குக் கீழே. இந்த ஏற்ற இறக்கம் இலாபத்தில் வந்து விழும்போது இன்னும் பெரிதாகிவிடும். கிணற்றுச் செலவு, சம்பளம், வட்டி எல்லாம் அப்படியே இருக்க, வரவு மட்டும் ஏறி இறங்குகிறது அல்லவா?

என் அப்பா வெல்லாவெளிப் பக்கம் ஒரு போடியாரின் காணியைக் குத்தகைக்கு எடுத்து வயல் செய்தவர். அவருடைய சீ.ஆர். கொப்பி ஒன்று இன்றும் என்னிடம் இருக்கிறது. மட்டை கழன்று, ஓரமெல்லாம் மழை நீர் ஊறிப் பழுப்பேறிய கொப்பி. ஒரு போகத்துக்கு ஒரு வரி. ஏக்கருக்கு எத்தனை மூடை, மூடை என்ன விலை, கூலி, உரம், கடைசியில் மிச்சம். சில வரிகளில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல் இருக்கும்: "யானை", "வெள்ளம்", "தண்ணி இல்லை". 1978 பெரும்போகத்து வரியில் எண்ணே இல்லை. "சூறாவளி" என்று மட்டும் எழுதி, அடியில் பென்சிலால் இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

குத்தகை பேசப் போகும்போது அந்தக் கொப்பியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் போவார். "போன போகம் கொட்டிச்சே" என்று காணிக்காரர் விலை கூட்டினால், கொப்பியை விரித்து நல்லது கெட்டது பத்துப் போகத்தையும் கூட்டிப் பத்தால் வகுத்து, அந்த எண்ணில் இருந்துதான் பேச்சைத் தொடங்குவார். சூறாவளி அடித்த வருடம் குத்தகை கேட்டு யாரும் வரவில்லையாம். அப்பா அந்த நேரம் போய் மூன்று வருடத்துக்குச் சேர்த்துப் பேசினார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. எண்ணெய்ப் பங்குக்குச் செய்ய வேண்டியதும் அந்தக் கணக்குத்தான்.

இப்போது உலகின் பெரிய எண்ணெய்க் கம்பனிகளில் ஒன்றான எக்ஸன்மொபிலை எடுத்துப் பார்ப்போம். 2016இல் மசகு எண்ணெய் விலை படுத்திருந்தது. பங்கொன்றுக்கான உழைப்பு வெறும் 1.88 டொலர். வருட முடிவில் பங்கின் விலை ஏறத்தாழ 90. விகிதம் 48! பார்க்கிறவர் "ஐயோ, இவ்வளவு விலையா" என்பார். 2020இல் கொரோனா. கம்பனிக்கு 22.4 பில்லியன் டொலர் நட்டம். ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவின் முன்னணிக் கம்பனிகளைக் கொண்ட டோ ஜோன்ஸ் சுட்டெண்ணில் இருந்தே அதை எடுத்துவிட்டார்கள். 1928 முதல் அதில் இருந்த கம்பனி. வருட முடிவில் பங்கு 41 டொலர். உழைப்பு நட்டம் என்பதால் விகிதமே கிடையாது. 2022இல் உக்ரைன் போர், எண்ணெய் விலை பறந்தது. இலாபம் 55.7 பில்லியன், பங்கொன்றுக்கு 13.26 டொலர். பங்கு 110. விகிதம் 8 சொச்சம்.

ஒரு வருட விகிதத்தை மட்டும் நம்பியவர் என்ன செய்திருப்பார்? 2020இல் 41 டொலருக்கு விற்றதைத் தொட்டிருக்க மாட்டார். 2022இல் "8 மடங்குதானே" என்று 110 கொடுத்து வாங்கியிருப்பார். 2023இல் உழைப்பு 8.89 ஆக இறங்கியது, பங்கும் வருட முடிவில் 100க்கு வந்தது.

அப்பாவின் கணக்கைப் போடுவோம். 2011 முதல் 2020 வரை பத்து வருட உழைப்பைக் கூட்டி, நட்டத்தையும் கழித்து, பத்தால் வகுத்தால் 4.64 வருகிறது. 41ஐ அதனால் வகுத்தால் ஏறத்தாழ 9. ஒரு வருடக் கணக்கில் எண்ணே வராத பங்கு, பத்து வருடக் கணக்கில் 9 மடங்கு. 2013 முதல் 2022 வரையான சராசரி 4.70. 110ஐ அதனால் வகுத்தால் 23. ஒரு வருடக் கணக்கில் 8 என்று மலிவாகத் தெரிந்தது உண்மையில் 23 மடங்கு. பார், எண்கள் தலைகீழாகிவிட்டன. இந்தப் பத்து வருடக் கணக்கை முழுச் சந்தைக்கும் போட்டுக் காட்டிப் பேர் வாங்கியவர் அமெரிக்கப் பொருளியல் பேராசிரியர் ரொபர்ட் ஷில்லர். 2013இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

சராசரியும் ஏமாற்றும் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2016 முடிவில் எக்ஸனுக்குப் பத்து வருடச் சராசரி போட்டால் 6.50. 90ஐ வகுத்தால் 14. நியாயமான விலை போலத்தான் தெரியும். ஆனால் நாலு வருடத்தில் அந்தப் பங்கு 41க்கு வந்தது. காரணம், அந்தப் பத்து வருடத்துக்குள் 100 டொலர் எண்ணெய் விற்ற கொழுத்த வருடங்கள் பல இருந்தன. அவை உடனே திரும்பி வரவில்லை. ஆகவே சராசரி எடுத்த பிறகும், "இந்தப் பத்து வருடத்தில் எண்ணெய் என்ன விலைக்கு விற்றது, இனியும் அந்த விலை கிடைக்குமா" என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

இது எனக்குப் புத்தகத்தால் மட்டும் வந்த பாடம் அல்ல. 2014 நடுப்பகுதியில் கனடாவில் இருக்கும் என் மச்சான் தொலைபேசியில் கேட்டார்: "அத்தான், ஒரு எண்ணெய்க் கம்பனி 9 மடங்குக்கு நிக்குது. பாங்க் பங்கெல்லாம் 13. வாங்கட்டா?" வருடக்கணக்காக இந்த விகிதத்தைக் கரும்பலகையில் எழுதிய கை என்னுடையது. "9 என்றால் நல்லதுதானே, வாங்குங்கோ" என்றேன். பதினெட்டு மாதத்தில் அந்தப் பங்கு மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வந்துவிட்டது. மகளின் பல்கலைக்கழகக் கட்டணத்துக்காக அந்த விலையிலேயே விற்றார். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அன்றைக்கு நான் பார்த்த 40 பக்க அறிக்கையின் பின்பக்கத்தில் பத்து வருடத்து எண்கள் ஒரே அட்டவணையில் கிடந்தன. நான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. அதனால்தான் தம்பி, இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

இன்னொன்று. நீ சொல்கிற பங்கு கொழும்புச் சந்தையில் உள்ளதா, வெளிநாட்டில் உள்ளதா என்று எழுதவில்லை. கொழும்பு என்றால், எண்ணெய் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது லங்கா ஐஓசி. 2004இல் பட்டியலுக்கு வந்தது, பெரும்பங்கு இந்தியன் ஒயில் கூட்டுத்தாபனத்திடம். அது நிலத்தைத் துளைத்து எண்ணெய் எடுக்கிற கம்பனி அல்ல. சுத்திகரித்த எண்ணெயை இறக்கி விற்கிறது, கப்பல்களுக்கு எரிபொருள் கொடுக்கிறது, இயந்திரங்களுக்கு இடும் உராய்வு நீக்கி எண்ணெய்த் தயாரிப்புகளும் உண்டு, திருகோணமலையில் தாங்கிகள் உண்டு.

நெல்லில் வைத்துச் சொன்னால் உனக்கு உடனே விளங்கும். வயல்காரர், ஆலைக்காரர், அரிசிக் கடைக்காரர் மூவருக்கும் "நெல் வியாபாரம்" என்றுதான் பேர். ஆனால் நெல் விலை ஏறினால் வயல்காரருக்கு முழு இலாபம், ஆலைக்காரருக்கு வாங்குகிற விலைக்கும் விற்கிற விலைக்கும் இடையில் உள்ளதுதான், கடைக்காரருக்கு மூடைக்கு இவ்வளவு என்று ஒரு சின்னக் கழிவு. மூன்று பேருக்கும் ஒரே விகிதத்தைப் போட்டு ஒப்பிட முடியாது. எண்ணெயிலும் அப்படித்தான்: எடுப்பவர், சுத்திகரிப்பவர், விற்பவர்.

சரி, கடைக்காரருக்கு எப்படித் திடீரென்று பெரிய இலாபம் வரும்? பழைய விலைக்கு வாங்கிய நூறு மூடை கடைக்குள் இருக்கும்போது விலை ஏறினால் வரும். 2022ஐ நினைத்துப் பார். வருடத் தொடக்கத்தில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 177 ரூபா. ஜூன் கடைசியில் 470. கல்லடியில் நான் இரவு முழுக்க மோட்டார் சைக்கிளோடு வரிசையில் நின்ற நாட்கள் அவை. ஒரு விடியற்காலையில் ஒரு பையன் ஏணியில் ஏறி விலைப் பலகையின் எண்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றினான். நிலத்தடித் தாங்கியில் கிடந்தது முதல்நாள் இரவு கிடந்த அதே பெற்றோல். பலகைதான் மாறியது. இப்படிக் கையிருப்பில் வரும் இலாபம் இலாபக் கணக்கில் மற்றக் காசோடு காசாகக் கலந்து நிற்கும். விலை ஏறுவது நின்ற அடுத்த வருடம் அது வராது. விலை இறங்கினால் நட்டமாகவே வரும். லங்கா ஐஓசியும் 2022 ஏப்ரல் தொடங்கிய நிதியாண்டில் மிகப் பெரிய இலாபம் கண்டது. அதற்கு முன் நட்டம் காட்டிய ஆண்டுகளும் அதன் கணக்கில் உண்டு. அரசு விலையைப் பிடித்து வைத்தால் கையைக் கடிக்கிற தொழில் அது. இப்படியான ஓர் உச்ச வருடத்து உழைப்பால் விலையை வகுத்தால் 3 வரும். அதைப் பார்த்து மலிவு என்று சொல்லலாமா?

ஆகவே அந்தப் பங்கின் ஆண்டறிக்கையை எடு. கொழும்புப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் எல்லாக் கம்பனிகளின் அறிக்கைகளும் இலவசமாகக் கிடக்கின்றன. பின்பக்கத்தில் "பத்தாண்டுச் சுருக்கம்" இருக்கும். சிலவற்றில் ஐந்தாண்டுதான் இருக்கும், அப்போது பழைய அறிக்கையையும் எடுத்துக்கொள். கொப்பியில் ஒரு வருடத்துக்கு ஒரு வரி எழுது. நட்ட வருடத்தை விட்டுவிடாதே. சராசரியால் வகுத்துப் பார். அதற்குப் பிறகும் மலிவாகத் தெரிந்தால், நாலு இலட்சத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதில் வைக்காதே. வாங்கு, விற்றுவிடு என்று சொல்ல நான் உரிமம் பெற்ற ஆலோசகர் அல்ல, ஆசிரியராகச் சொல்கிறேன்.

கேள்வி: சேர், நட்டம் வந்த வருடத்தில் பி.ஈ. (விலை உழைப்பு விகிதம்) கணக்கே வராது என்று விரிவுரையில் சொல்கிறார்கள். அப்படியென்றால் அந்த வருடம் ஓர் எண்ணெய்க் கம்பனியை எதை வைத்து மதிப்பிடுவது?
– ஒலுவில் பல்கலைக்கழக மாணவி

பதில்: மகள், முதலில் அந்த நட்டத்தைத் திறந்து பார்க்க வேண்டும். எக்ஸனின் 2020 நட்டம் 22.4 பில்லியன் என்றேனே, அதில் 19 பில்லியனுக்கு மேல் ஒரே காலாண்டில் எழுதிய பெறுமானக் குறைப்பு. முன்பு பெரிய விலை கொடுத்து வாங்கிய இயற்கை வாயு வயல்கள் இனி அந்த விலை பெறாது என்று ஏட்டில் குறைத்தார்கள். அந்த வருடம் கையை விட்டுப் போன காசு அல்ல அது. அதே வருடம் தொழிலில் இருந்து வந்த காசுப் பாய்ச்சல் 14.7 பில்லியன் டொலர், அதுவும் நேர்க் கணியம். அதனால்தான் எண்ணெய்த் துறையைப் பார்ப்பவர்கள் உழைப்பைவிடக் காசுப் பாய்ச்சலை நம்புகிறார்கள். பங்கின் விலையைப் பங்கொன்றுக்கான காசுப் பாய்ச்சலால் வகுப்பார்கள்.

ஆனால் பெறுமானக் குறைப்பை "ஏட்டுக் கணக்குத்தானே" என்று தள்ளிவிடவும் வேண்டாம். என்றோ ஒரு நாள் உண்மையான காசைக் கொட்டி வாங்கிய சொத்துத்தான் இன்று குறைகிறது. சராசரி எடுக்கும்போது அதையும் உள்ளே விடுங்கள்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் சேர். நான் வட்டிக் கடனில் மூழ்கிய கம்பனிகளைத் தவிர்க்கப் பார்க்கிறவன். இரண்டு எண்ணெய்க் கம்பனிகள், இரண்டுக்கும் விகிதம் 10. கடன் உள்ளது எது, இல்லாதது எது என்று இந்த விகிதத்தில் தெரியுமா?
– ஹாஜியார் ஒருவர், காத்தான்குடி

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம் ஹாஜியார். தெரியாது. மார்க்கத் தீர்ப்பை ஆலிம்கள் சொல்ல வேண்டும்; கணக்கை மட்டும் நான் சொல்கிறேன்.

உங்கள் ஊர்ப் பிரதான வீதியில் இரண்டு கடைகள் என்று வைப்போம். இரண்டும் வட்டிக்கு முன் வருடம் 10 இலட்சம் உழைக்கின்றன. முதல் கடையில் கடன் இல்லை. உரிமையை 100 இலட்சத்துக்குத் தருகிறார்கள். விகிதம் 10. இரண்டாம் கடையின் மேல் 70 இலட்சம் வங்கிக் கடன், வருட வட்டி 7 இலட்சம். மிச்ச இலாபம் 3 இலட்சம். உரிமையை 30 இலட்சத்துக்குத் தருகிறார்கள். அதற்கும் விகிதம் 10. இப்போது வியாபாரம் படுத்து, உழைப்பு 10இல் இருந்து 6 இலட்சமாகிறது. முதல் கடைக்காரருக்கு 6 இலட்சம் மிஞ்சும். இரண்டாமவருக்கு ஒரு இலட்சம் நட்டம்.

எண்ணெயில் வியாபாரம் படுப்பது எப்போதாவது நடக்கிற விபத்து அல்ல, சில வருடங்களுக்கு ஒரு முறை வந்தே தீரும். ஆகவே பங்குகளின் மொத்த விலையோடு கடனையும் கூட்டி, கையில் உள்ள காசைக் கழித்து, வட்டிக்கும் வரிக்கும் தேய்மானத்துக்கும் முந்திய உழைப்பால் வகுத்துப் பாருங்கள். கடன் ஒளிய இடமில்லாமல் போய்விடும்.

கேள்வி: கையில் சில ஷெல் பங்குகள் உள்ளன. எண்ணெய் நிலத்துக்கடியில்தானே இருக்கிறது. அது எவ்வளவு என்று விலை உழைப்பு விகிதம் காட்டுமா? பங்கிலாபம் தவறாமல் வருமென்று நம்பி ஓய்வுக்காலத்தைத் திட்டமிடலாமா?
– மட்டக்களப்பில் பிறந்து இலண்டனில் வாழும் வாசகர்

பதில்: ஐயா, இரண்டாவதற்கு முதலில். ஷெல் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒரு முறைகூடப் பங்கிலாபத்தைக் குறைத்ததில்லை என்ற பேரோடு இருந்தது. 2020 ஏப்ரலில் 47 அமெரிக்கச் சதத்தை 16 சதமாக்கியது. மூன்றில் இரண்டு பங்கு ஒரே நாளில் போனது. ஓய்வூதியம் போல நினைக்க வேண்டாம்.

இனி நிலத்தடி எண்ணெய். அது எவ்வளவு என்று விகிதம் காட்டாது. வயலுக்கும் மண் கிடங்குக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு மறந்திருக்காது. வயலின் விளைச்சலை விற்றாலும் வயல் மிஞ்சும். மண் அள்ளுகிற காணியில் ஒவ்வொரு லோட்டோடும் காணியே போகிறது. ஆறு வருடத்தில் தீர்ந்துவிடும் கிடங்கை 6 மடங்குக்கு வாங்கினால் உங்கள் காசைத்தான் உங்களுக்குத் தவணை முறையில் திருப்பித் தருகிறார்கள். தேய்மானமாக ஒரு தொகையைக் கணக்கில் கழிப்பார்கள், உண்மைதான். ஆனால் கழிப்பது பழைய வயலை வாங்கிய பழைய விலையை; புதிய வயல் தேடப் போனால் இன்றைய விலை. ஆகவே விகிதத்தோடு சேர்த்து இரண்டு எண்களைப் பாருங்கள்: நிலத்தடிக் கையிருப்பு எத்தனை வருடத்துக்குப் போதும், எடுத்த பீப்பாய்க்கு ஈடாகப் புதிதாக எத்தனை பீப்பாய் சேர்த்தார்கள்.

அந்த எண்களையும் கண்ணை மூடி நம்ப முடியாது. 2004 ஜனவரியில் இதே ஷெல் தன் நிரூபிக்கப்பட்ட கையிருப்பில் 3.9 பில்லியன் பீப்பாய் கூடுதலாகக் காட்டியிருந்ததாக ஒப்புக்கொண்டு குறைத்தது. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மார்ச்சில் தலைவர் பிலிப் வாட்ஸ் பதவி விலகினார்.

கேள்வி: சேர், பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் பங்கு என்ன விலைக்கு நிற்கிறது? எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் அவர்களுடைய பெற்றோல் செட்தான் இருக்கிறது, எந்த நேரமும் கூட்டம்.
– களுவாஞ்சிக்குடி வாசகி

பதில்: அதன் பங்கு சந்தையில் இல்லை தங்கச்சி. 1961இல் சட்டத்தால் அமைத்த அரசுக் கூட்டுத்தாபனம் அது, முழுக்க அரசுடையது. செட்டில் கூட்டம் நிற்பதை வைத்தும் இலாபத்தைச் சொல்ல முடியாது. 2022இல் கூட்டத்துக்கா குறைச்சல்?